எல்லைக்கோட்டைத் தாண்டும் பந்து: மட்டையை மாற்றுவதா, நரம்பை மாற்றுவதா?

கேள்வி: நான் காட்பாடியில் வசிக்கிறேன், வயது 36. நான்கு ஆண்டுகளாக வாரத்தில் மூன்று நாள் மாலையில் சிமென்ட் தளத்தில் டென்னிஸ் ஆடி வருகிறேன். என்னிடம் உள்ள மட்டை 100 சதுர அங்குலத் தலையும், நரம்பு இல்லாமல் 300 கிராம் எடையும், 26 மி.மீ. சட்டத் தடிமனும் கொண்டது. தொடக்கத்தில் நன்றாகக் கைகொடுத்தது. இப்போதோ, முழு வேகத்தில் வீசினால் ஃபோர்ஹேண்ட் பந்து பேஸ்லைனுக்கு வெளியே போய் விழுகிறது. தயங்கித் தட்டினால் எதிராளி அதை அடித்து முடித்துவிடுகிறார். 98 சதுர அங்குலத் தலையும் 18 × 20 (நெடுக்கே 18, குறுக்கே 20) நரம்புப் பின்னலும் உள்ள மட்டைதான் கட்டுப்பாடு தரும் என்கிறார்கள் நண்பர்கள். 18,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். வாங்கலாமா? கடைசியாக நரம்பு அறுந்தது ஒன்றரை ஆண்டுக்கு முன்பு. அப்போது பாலியெஸ்டர் போட்டார்கள்.

பதில்: தங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதன் கடைசி வரி. பாலியெஸ்டர் நரம்பு எளிதில் அறுவதில்லை. ஆனால் அறுவதற்கு நெடுநாள் முன்பே தன் இழுவிசையை இழந்துவிடுகிறது. வாரம் மூன்று நாள் ஆடுபவரின் மட்டையில் அது ஒன்றரை ஆண்டு கிடந்தால், போட்ட நாளில் இருந்த இறுக்கத்தில் பெரும்பகுதி போயிருக்கும். தளர்ந்த நரம்பு பந்தைக் கூடுதலாக உள்வாங்கி, கூடுதலான வேகத்தோடும் கோணத்தோடும் வெளியே தள்ளும். அதோடு, பழைய பாலியெஸ்டர் பக்கவாட்டில் நகர்ந்து சட்டென்று தன் இடத்துக்குத் திரும்பும் தன்மையையும் இழப்பதால் டாப்ஸ்பின், அதாவது பந்தின் முன்னோக்கிய சுழற்சி, குறைகிறது. பந்து கீழே இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் நேராகப் போகிறது. தாங்கள் விவரிக்கும் குறை ஏறக்குறைய இதுவே.

ஆகவே, 18,000 ரூபாயைத் தொடுவதற்கு முன், கடைக்காரர்கள் ‘கட்’ என்று சொல்லும் நரம்பைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பாலியெஸ்டர் வேண்டாம், சிந்தெடிக் கட் (நைலான் நரம்பு) அல்லது மல்டிஃபிலமென்ட் (பல மெல்லிய இழைகள் சேர்ந்த) நரம்பை 54 பவுண்டு இழுவிசையில் கேட்டுப் போட்டு, மூன்று வாரம் ஆடிப் பாருங்கள். இழுவிசை கூடினால் பந்தின் பாய்ச்சல் குறையும், குறைந்தால் கூடும். எனவே 54 போதவில்லை என்றால் அடுத்த முறை 56 வரை போகலாம். வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறோமோ, ஆண்டுக்கு அத்தனை முறையாவது நரம்பை மாற்ற வேண்டும் என்று ஆட்டக்காரர்களிடையே ஒரு பழைய கணக்கு உண்டு. அதன்படி தங்களுக்கு ஆண்டுக்கு மூன்று முறை.

நம் ஊர் வெயிலையும் இந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும்போது, பந்துக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் ஏறி அது துள்ளிக் கிளம்பும், நரம்பும் இளகும். மார்கழியில் உள்ளே விழுந்த அதே அடி சித்திரையில் வெளியே விழுவதற்கு ஆட்டக்காரர் மட்டுமே காரணமல்ல. கோடைக்கு ஓரிரு பவுண்டு கூட்டிப் போடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டையை விட்டுவிட்டுப் போகும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். ஒரே பிற்பகலில் நரம்பு வீணாகிவிடும்.

மூன்று வாரத்துக்குப் பிறகும் பந்து வெளியே போனால், அப்போது மட்டையை மாற்றுவதற்கு நியாயம் உண்டு. தங்கள் மட்டை தடிமனானது. தடித்த சட்டம் பெரும்பாலும் விறைப்பாக இருக்கும். பந்து மோதும்போது அது அதிகம் வளைவதில்லை என்பதால், வளைவதில் வீணாகும் ஆற்றலும் பந்துக்கே திரும்பிவிடுகிறது. வீச்சு குறைவாக இருக்கும் புதியவருக்கு இது வரம். வீச்சு முழுமையடைந்தவருக்கு இதுவே தொல்லை. கட்டுப்பாட்டுக்கென்று செய்யப்படும் மட்டைகளில் சட்டம் 20 முதல் 23 மி.மீ. வரை மெலிந்திருக்கும், விறைப்பைக் குறிக்கும் ஆர்.ஏ. எண் பெரும்பாலும் 65-க்குக் கீழே இருக்கும். நான் தலையின் அளவைவிட இந்த இரண்டையுமே முதலில் பார்க்கச் சொல்வேன். விறைப்புக் குறைந்த சட்டம் முழங்கைக்கும் நல்லது. 36 வயதில் அதையும் யோசிக்கத்தான் வேண்டும்.

தலையின் அளவு குறித்து நண்பர்கள் சொல்வதில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான். தலை சிறுத்தால் நரம்பின் நீளம் குறைகிறது, பாய்ச்சலும் குறைகிறது. அதோடு, மையம் தவறிய அடியை மன்னிக்கும் இடமும் குறைகிறது. இந்திய ஆட்டக்காரர் ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றது ஏறத்தாழ 65 சதுர அங்குலமே இருந்த மரமட்டைகளின் காலத்தில். பந்தை நினைத்த இடத்தில் வைத்தது அவர் கை. 98 என்ற எண் மட்டும் அந்தக் கையைத் தந்துவிடாது.

18 × 20 பின்னலைத் தங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நெருக்கமான பின்னலில் நரம்பு நகர்வது குறைவு. பந்து தாழ்வாக, கணிக்கக்கூடிய கோணத்தில் கிளம்பும் என்பது சரியே. ஆனால் பந்தைத் தட்டையாக, ஒவ்வொரு முறையும் மையத்தில் அடிப்பவருக்குத்தான் அது முழுப் பயன் தரும். தயங்கித் தட்டும் பழக்கம் இன்னும் விடாதவரின் கையில், பந்து வலையில் விழத் தொடங்கும். ஒரு குறை போய் இன்னொரு குறை வரும்.

என் தேர்வு இதுதான். 100 சதுர அங்குலத் தலையை விடாமல், சட்டத்தை மட்டும் மெலிதாக்கிக்கொள்ளுங்கள். ஹெட் கிராவிட்டி எம்.பி. (295 கிராம், 16 × 20 பின்னல்), யோனெக்ஸ் பெர்செப்ட் 100 (300 கிராம், 16 × 19) ஆகிய இரண்டும் இந்த வகை. 98-தான் வேண்டும் என்று மனம் கேட்டால், வில்சன் பிளேடு 98-இல் 16 × 19 பின்னல் உள்ளதை எடுங்கள். அது 305 கிராம். புதிய பதிப்பு வெளிவந்ததும் முந்தைய பதிப்பின் விலை இறங்குவது வழக்கம். பிளேடின் எட்டாம் பதிப்பு 2021-இலும் ஒன்பதாம் பதிப்பு 2024-இலும் வந்தன. தங்கள் நிலையில் இருப்பவருக்கு இரண்டுக்கும் இடையே பணம் கொடுத்து வாங்க வேண்டிய வேறுபாடு இருப்பதாக நான் கருதவில்லை. மிச்சமாகும் தொகையை நரம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எடையில் ஒரு எச்சரிக்கை. பெட்டியிலும் விளம்பரத்திலும் போட்டிருப்பது பெரும்பாலும் நரம்பு இல்லாத எடை. நரம்புக்கு 16 கிராம், பிடியின் மேல் சுற்றும் பட்டையான ஓவர்கிரிப்புக்கு 5 கிராம் என்று கூட்டினால், 305 கிராம் மட்டை கையில் 325 கிராமைத் தாண்டும். கடையில் இரண்டு முறை வீசிப் பார்த்து எடை தெரியாது. இரண்டாவது செட்டின் கடைசி ஆட்டத்தில்தான் தெரியும். ஆகவே சோதனைக்கு மட்டை தரும் கடையைச் சென்னையில் தேடுவது வீண் அலைச்சல் அல்ல. காட்பாடியிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரப் பயணம்தான். அது முடியாவிட்டால், உடன் ஆடுபவரிடம் இரவல் வாங்கி ஒரு முழு மாலை ஆடுங்கள்.

பிடியின் அளவைப் பொறுத்தவரை, மட்டையைப் பிடித்த நிலையில் விரல்நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே மறுகையின் சுட்டுவிரல் நுழைந்தால் சரி. ஐயம் இருந்தால் சிறியதை எடுங்கள். ஓவர்கிரிப் சுற்றிப் பெரிதாக்கலாம், பெரியதைச் சிறிதாக்குவது கடினம்.

கேள்வி: இணையத்தில் பெயர்பெற்ற நிறுவனத்தின் மட்டை ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கினேன். வண்ணப்பூச்சு மங்கலாக இருக்கிறது. எடை குறிப்பிட்டதைவிட 20 கிராம் குறைவு. போலி என்று நினைக்கிறேன். விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கிறார். என்ன செய்யலாம்? — ராணிப்பேட்டை வாசகர்

பதில்: ஒரே மாடலின் இரண்டு மட்டைகளுக்கு இடையே சில கிராம் வேறுபாடு இயல்பு, 20 கிராம் இயல்பல்ல. அது நரம்பு போட்ட மட்டை என்றால், குறை இன்னும் பெரிது. இறக்குமதிப் பொருளின் உறையில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும் என்பது சட்டம். இவை இல்லையென்றால் தங்கள் ஐயம் வலுப்படுகிறது.

மட்டையைத் தராசில் வைத்து எடை தெரியும்படி படம் எடுங்கள். உறை, ரசீது, விளம்பரப் பக்கத்தின் படம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். இதற்கிடையே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். அதன் பிறகும் பயனில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், தாங்கள் வசிக்கும் இடத்துக்கு உரிய ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை; குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் சேர வேண்டும். அதுவரை அந்த மட்டையில் ஆடவோ, நரம்பை மாற்றவோ வேண்டாம்.