தேவதாசி ஒழிப்பை எதிர்த்த பெண்கள் உண்மையில் என்ன நம்பினார்கள்?

"காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்ற ஆண்கள் எதிர்த்தது புரிகிறது, பெண்களே ஏன் எதிர்த்தார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டசபைச் சண்டையை மட்டும் படித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தேவதாசி குலப் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்கள் அரசுக்கு எழுதிய எதிர்ப்பு மனுக்களை யாரும் பகிர்வதில்லை. ஒழிப்புக்காகச் சட்டசபையில் வாதாடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சத்தியமூர்த்திக்குச் சொன்னதாகச் சொல்லப்படும் ஒரு பதிலடி வசனம்தான் வருடா வருடம் சுற்றி வருகிறது. அதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு.

அவர்கள் வாதத்தின் அடித்தளம் சொத்து. அன்றைய இந்துச் சட்டத்தில் குடும்பப் பெண்ணுக்கு முழுச் சொத்துரிமை இல்லை. அது 1956இல்தான் வந்தது. தாசி குலத்திலோ தாயின் சொத்து மகளுக்குப் போகும், பெண் குழந்தையைத் தத்தெடுக்கலாம். சென்னை உயர்நீதிமன்றமும் அந்தத் தத்தை ஏற்றது. சிறுமிகளை விபச்சாரத்துக்கு விற்பதைத் தண்டிக்க இந்திய தண்டனைச் சட்டம் 372, 373 பிரிவுகள் ஏற்கெனவே இருக்கும்போது கோயில் சடங்கை ஏன் தடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். சிறுமியைக் கோயில் கடவுளுக்கு மணமுடித்ததாகத் தாலி கட்டும் பொட்டுக்கட்டு வேறு, விபச்சாரம் வேறு என்பது அவர்கள் நம்பிக்கை.

முத்துலட்சுமி ரெட்டிக்கு இரண்டும் ஒன்றுதான். விவரம் தெரியாத சிறுமியின் கழுத்தில் கட்டும் பொட்டுக்குச் சம்மதம் என்ற பேச்சே கிடையாது என்றார். அவர் தாயார் சந்திரம்மாளும் அந்தக் குலம்தான். ஒழிப்புக்காகப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அப்படியே. உள்ளிருந்தே வந்த கோபம் அது.

முத்துலட்சுமி முதலில் கைவைத்தது நிலத்தில். தாசிகளுக்கு மானியமாகக் கொடுத்த இனாம் நிலம் கோயில் ஊழியத்தோடு கட்டுண்டது. ஊழியம் நின்றால் நிலம் போய்விடும், அதனால் வீட்டுக்கு ஒரு பெண்ணுக்காவது பொட்டுக்கட்டியாக வேண்டும். இந்து அறநிலையச் சட்டத்தின் 1929 திருத்தம் அந்த முடிச்சை அவிழ்த்து, ஊழியம் இல்லாமலே நிலம் அவர்களுக்கு என்றாக்கியது. நல்ல ஏற்பாடு. ஆனால் நிலமில்லாத தாசிகளுக்கு அதில் ஒன்றுமில்லை.

இப்படிச் சொன்னதும் பொட்டுக்கட்டுக்கு வக்காலத்து என்று சிலர் கிளம்புவார்கள். இல்லை. 1947 தடைச் சட்டம் வந்தே தீர வேண்டியதுதான். ஆனால் அதே சட்டம் கோயில் வளாகத்திலும் சாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையும் சேர்த்துத் தடுத்தது. குல ஆண்களின் நாதஸ்வரத்துக்கு அந்தத் தடை இல்லை.