வேலியில் முதலில் கை வையுங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் சின்ன இடம்தான். வேலி முழுக்க லாண்டானா, நடுவில் கறிவேப்பிலையும் ஒரு எலுமிச்சையும். தேன்சிட்டும் வண்ணத்துப்பூச்சியும் வரவேண்டும் என்று ஆசை. இருப்பதையெல்லாம் வெட்டிவிட்டு இந்த நாட்டுச் செடிகளை வைக்க வேண்டுமா?

பதில்: கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இருக்கட்டும். போக வேண்டியது லாண்டானா. தமிழ்நாட்டில் உண்ணிச்செடி என்பார்களே, அதேதான். அதன் பூவுக்கு வண்ணத்துப்பூச்சி வரும், உண்மை. ஆனால் பழத்தைத் தின்ற பறவைகள் விதையைக் காட்டில் போட்டுவிடும். அங்கே புதராக மண்டி மற்ற செடிகளை எழவிடாது. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி நிலத்துக்காரர் அதைக் கட்டுப்படுத்தியே ஆகவேண்டும். வெட்டினால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். மழையில் மண் இளகியதும் வேரோடு பிடுங்குங்கள். பாதி வேலியை இந்த வருடம், மீதியை அடுத்த வருடம் எடுத்தால் குருவிகளுக்கு மறைவிடம் போகாது.

அந்த இடத்துக்கு பிளம்பாகோ. தமிழ்நாட்டில் அழகுக்காக வளர்க்கும் அந்த நீலப்பூச் செடிக்குப் பிறந்த மண்ணே இந்த நாடுதான். அதன் மொட்டைத் தின்று வளரும் சின்ன நீல வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு. தேன்சிட்டுக்கு வைல்ட் டாக்காவும் கேப் ஹனிசக்கிளும் வையுங்கள். இரண்டிலும் குழல் போன்ற ஆரஞ்சுப் பூ. தேன்சிட்டின் அலகுக்கு ஏற்ற வடிவம்.

பலரும் பூவோடு நின்றுவிடுகிறார்கள். வண்ணத்துப்பூச்சி தேன் குடிக்கப் பல பூக்களுக்குப் போகும்; முட்டையிடத் தன் புழு தின்னும் இலையைத்தான் தேடும். உங்கள் எலுமிச்சையில் பறவை எச்சம் போல ஒரு புழு இருந்தால் மருந்து அடிக்காதீர்கள். வளர்ந்து பச்சையாகும், தொட்டால் தலைக்குப் பின்னால் ஆரஞ்சுக் கொம்பு நீட்டி நாற்றம் விடும். அதுதான் மஞ்சள் கறுப்புச் சிறகோடு பறக்கப்போகும் சிட்ரஸ் ஸ்வாலோடெயில் வண்ணத்துப்பூச்சி. கறிவேப்பிலைக்கு உறவான ஹார்ஸ்வுட் என்ற உள்நாட்டு மரமும் அதற்குத் தீனி. ஒன்று வைத்தால் எலுமிச்சையின் பாரம் குறையும். தேன்சிட்டும் தன் குஞ்சுக்குப் பூச்சி பிடித்துத்தான் ஊட்டுகிறது. அதனால் பூச்சிமருந்தை அடியோடு நிறுத்துங்கள்.

காட்டிலிருந்து எதையும் தோண்டி எடுக்காதீர்கள். பக்கத்திலேயே சில்வர்கிளென் இயற்கைக் காப்பகம் இருக்கிறது, அங்கே இந்த மண்ணின் மரங்களை நேரில் பார்த்துவிட்டு நாற்றுப் பண்ணைக்குப் போங்கள். செப்டம்பர், அக்டோபரில் முதல் மழையோடு நடுங்கள். முதல் கோடை முழுக்க, மழை தவறும் வாரங்களில் தண்ணீர் ஊற்றுங்கள்; அப்புறம் வேர் தானே பார்த்துக்கொள்ளும்.