ஈன்ற கன்று, நனைந்த குட்டி, புழு வைத்த புண்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் கலப்பின மாடு விடியற்காலையில் கன்று போட்டது. நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் சீம்பால் கறக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். நண்பகலாகியும் கொடி விழவில்லை. கன்று கத்திக்கொண்டே இருக்கிறது. ஊட்டவிடலாமா?

பதில்: இந்தக் கணமே ஊட்டவிடுங்கள். கொடிக்காகக் காத்திருப்பது கன்றைக் கொல்லும் பழக்கம்.

கருவில் இருக்கும்போது தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் கன்றுக்குப் போய்ச் சேர்வதில்லை. பிறந்த கன்றுக்கு அது சீம்பால் வழியாகத்தான் கிடைக்க வேண்டும். கன்றின் குடல் அதை அப்படியே ரத்தத்துக்குள் உறிஞ்சிக்கொள்வது முதல் 6 மணி நேரத்தில்தான் நன்றாக நடக்கும். பிறகு மளமளவெனக் குறைந்து 24 மணி நேரத்தில் நின்றுவிடும். மறுநாள் குடிக்கும் சீம்பால் பசியாற்றும், நோயைத் தடுக்க உதவாது. பத்தாம் நாளில் கழிச்சலிலோ சளியிலோ சாகிற கன்றுகளில் பலவற்றுக்கு முதல் நாளில்தான் குறை நடந்திருக்கும்.

அளவு, உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர். அதில் பாதியைப் பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள்ளும், மீதியை அடுத்த 12 மணி நேரத்துக்குள் இரண்டு தடவையாகவும் கொடுங்கள். மடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்து, ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீச்சைத் தனியாகக் கறந்து கொட்டிவிட்டுக் கன்றை விடுங்கள். கன்று ஊட்டும்போது தாயின் கருப்பை சுருங்கும். கொடி விழவும் அதுவே உதவி.

கொடி 12 மணி நேரம்வரை விழாமல் இருக்கலாம். அதற்குமேல் போனால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அதுவரை கையால் இழுக்கவோ, கல்லையும் செருப்பையும் கட்டித் தொங்கவிடவோ கூடாது. கொடி பாதியில் அறுந்தால் மிச்சம் உள்ளே அழுகும். சில சமயம் கருப்பையே வெளியே தள்ளிவிடும்.

மிஞ்சிய சீம்பாலை ஒரு லிட்டர் பாட்டில்களில் ஊற்றி உறைய வையுங்கள். தாய் செத்த கன்றுக்கு அதைவிடப் பெரிய மருந்து கிடையாது. கொதிக்க வைத்தால் கட்டிப்பட்டு எதிர்ப்புப் பொருளும் அழிந்துவிடும். கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் பாட்டிலை வைத்து உருக்கினால் போதும். வீட்டில் சீம்பால் இனிப்புச் செய்வதெல்லாம் கன்றின் பங்கு போன பிறகுதான்.

கேள்வி: பத்து நாள் கன்றுக்குத் தொப்புள் வீங்கியிருக்கிறது. இப்போது முன்னங்கால் மூட்டும் வீங்கி நொண்டுகிறது. அடிபட்டதா?

பதில்: அடி இல்லை. தொப்புள் வழியே கிருமி ஏறி, ரத்தத்தில் கலந்து, மூட்டில் போய்த் தங்கியிருக்கிறது. மஞ்சள் பற்றுப் போட்டுப் பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது. நான்கைந்து நாளாவது நுண்ணுயிர்க்கொல்லி ஊசி தேவைப்படும். தள்ளிப்போட்டால் மூட்டு அப்படியே இறுகிவிடும்.

தொப்புள் வீக்கம் எல்லாம் சீழ் அல்ல. கன்றை மல்லாத்தி விரலால் அழுத்திப் பாருங்கள். மெதுவாக உள்ளே போய், அடியில் வட்டமான ஓட்டை விரலுக்குத் தட்டுப்பட்டால் அது குடலிறக்கம். சூடாக, கெட்டியாக, தொட்டால் கன்று உதறினால் சீழ்க்கட்டி. எதுவானாலும் நீங்களே கீறிவிடாதீர்கள். குடலிறக்கத்தைக் கட்டி என்று நினைத்துக் கீறினால் குடல் வெளியே வந்துவிடும்.

அடுத்த ஈற்றுக்கு: வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு, டிஞ்சரில் ஊறிய நூலால் தொப்புள்கொடியைக் கட்டி, கட்டுக்குக் கீழே ஒரு சென்டிமீட்டரில் சுத்தமான கத்தரியால் வெட்டுங்கள். சின்னக் கிண்ணத்தில் டிஞ்சர் அயோடின் ஊற்றித் தொப்புளை முழுக்க அரை நிமிடம் முக்குங்கள். பஞ்சால் தொட்டுவைத்தால் உள்பக்கம் நனையாது. காய்ந்து சுருங்கும்வரை காலை, மாலை இரண்டு மூன்று நாள் இதைச் செய்யுங்கள். சாணமும் சாம்பலும் வேண்டாம்.

கேள்வி: ஐப்பசி மழையில் வெள்ளாடு மூன்று குட்டி போட்டது. ஒன்று ஈரத்தில் கிடந்து விறைத்துவிட்டது. பாலைப் புகட்டினால் மூக்கு வழியாக வருகிறது.

பதில்: முதலில் புகட்டுவதை நிறுத்துங்கள். குளிர்ந்த குட்டிக்கு விழுங்கும் வலு இருக்காது. ஊற்றுகிற பால் நுரையீரலுக்குப் போகும். உள்ளே போனாலும் செரிக்காது. முதலில் சூடு, பிறகுதான் பால்.

குட்டியின் வாய்க்குள் விரலை விடுங்கள். நாக்கு சில்லென்றிருந்து, விரலைச் சப்பவில்லை என்றால் நிலைமை மோசம். ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்தால் நல்ல குட்டிக்கு 101 முதல் 103 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டும். 99-க்குக் கீழே இருந்தால் பால் கூடாது. கோணிச் சாக்கால் முடி நிமிரும்வரை தேய்த்து உலர்த்துங்கள். அட்டைப் பெட்டியில் வைக்கோல் பரப்பி, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில்களை இருபக்கமும் வைத்து, இரண்டடி உயரத்தில் 60 வாட் குண்டு பல்பு எரியவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை சூட்டைப் பாருங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பிறந்து ஐந்து மணி நேரம் தாண்டியும் பால் குடிக்காத குட்டியின் ரத்தத்தில் சர்க்கரை வறண்டிருக்கும். அதை வெறுமனே சூடேற்றினால் வலிப்பு வந்து செத்துவிடும். தலையைத் தூக்கி விழுங்க முடிந்தால் குளுக்கோஸ் கரைசலைக் கொஞ்சம் ஈறில் தடவி, விழுங்கிய பிறகு சூடேற்றுங்கள். தலை தொங்கினால் மருத்துவர் வயிற்றறைக்குள் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். கொண்டுபோக வழியில்லையென்றால் 1962 எண்ணுக்கு அழையுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

சூடு ஏறி விரலைச் சப்ப ஆரம்பித்ததும் சீம்பால், ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 50 மில்லி. இரண்டு கிலோ குட்டிக்கு 100 மில்லி, முதல் நாளில் மூன்று நான்கு தடவை. தாய் ஆட்டில் போதாவிட்டால் வேறு ஆட்டினுடையதோ மாட்டினுடையதோ ஆகும். குட்டியை மடியில் மல்லாக்கப் போட்டுப் புகட்டாதீர்கள். தரையில் நிற்கவைத்து, தாய்மடி இருக்கும் உயரத்தில் பாட்டிலைப் பிடியுங்கள். கழுத்து லேசாக நீண்டிருக்க வேண்டும், அண்ணாந்திருக்கக் கூடாது. நிப்பிளைக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். தாரையாக ஒழுகினால் ஓட்டை பெரிது, மாற்றிவிடுங்கள்.

பாட்டிலில் வளரும் குட்டிக்கு மாட்டுப்பாலில் தண்ணீர் கலக்க வேண்டாம். கழிச்சல் வருவது பால் கெட்டியாக இருப்பதால் அல்ல, ஒரே தடவையில் அதிகம் கொடுப்பதாலும் பாட்டில் அழுக்காலும்தான். முதல் வாரம் நாளுக்கு நான்கு தடவை, பிறகு மூன்று. இரண்டு வாரம் ஆனதும் அகத்தியோ வேலிமசாலோ எட்டும்படி கட்டித் தொங்கவிடுங்கள்.

கேள்வி: மாட்டின் தோளில் சின்னப் புண். இரண்டு நாளில் நாற்றமெடுத்து, உள்ளே புழு நெளிகிறது. பினாயில் ஊற்றினோம். புழு வரவில்லை, புண்தான் பெரிதாகிறது.

பதில்: பினாயில், மண்ணெண்ணெய், பெட்ரோல் மூன்றும் புழுவோடு சேர்த்து நல்ல சதையையும் வேகவைக்கும். வெந்து செத்த சதை அழுகி, அந்த நாற்றத்துக்கு அடுத்த ஈ வரும். இவற்றைவிடக் கொடியது, பயிருக்குப் போடும் குருணை மருந்தைப் புண்ணில் அடைப்பது. அது புண் வழியாகவே ரத்தத்தில் ஏறி, வாயில் நுரை தள்ளி மாடு சாகும். நக்கினாலும் அதே கதி.

ஈ புண்ணின் ஓரத்தில் கொத்தாக முட்டையிடும். ஒரு நாளுக்குள் பொரித்த புழு, தலையைச் சதைக்குள் புதைத்து வாலை வெளியே வைத்துக்கொண்டு தின்னும். மூச்சு விடுவது அந்த வால் பக்கத்தால்தான். வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் வெள்ளை நுனிகள் துடிப்பது தெரியும். அந்த மூச்சை அடைத்தால் தானே வெளியே வரும்.

சுற்றி இரண்டு அங்குலம் முடியை வெட்டிவிடுங்கள். நீளமான காஸ் துணியை டர்பன்டைன் எண்ணெயில் நனைத்துக் குழிக்குள் தளர்வாகத் திணித்து, ஒரு முனையை வெளியே விடுங்கள். இல்லாவிட்டால் துணி உள்ளேயே தங்கிவிடும். பத்து நிமிடம் கழித்து எடுத்து, மேலே வரும் புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக, நசுக்காமல் எடுங்கள். அவற்றைத் தரையில் போடாதீர்கள். மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகி ஈயாகத் திரும்பி வரும். வெந்நீரில் போடுங்கள். கண், மூக்கு, ஈனவாய் ஆகிய இடங்களில் டர்பன்டைன் படவே கூடாது. அங்கே புழு இருந்தால் மருத்துவர் வேலை.

பிறகு, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது ஒன்றரை டீஸ்பூன், கரைத்துப் பீய்ச்சிக் கழுவி, பொவிடோன் அயோடின் தடவுங்கள். புண்ணைச் சுற்றி வேப்பெண்ணெய் பூசினால் ஈ அண்டாது. முதல் நாளில் எல்லாம் வராது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் பாருங்கள். ஆழமான புண்ணுக்கு மருத்துவர் ஐவர்மெக்டின் ஊசி போடுவார். பால் மாடு என்றால் எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புழு போன பிறகு மூலிகை எண்ணெய் நன்றாகவே கேட்கும். குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி ஒவ்வொரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம் ஆகியவற்றை அரைத்து, கால் லிட்டர் நல்லெண்ணெயில் காய்ச்சி ஆறவைத்து, தினம் இருமுறை போடுங்கள். புழு இருக்கும் முதல் நாளுக்கு மட்டும் தேங்காயெண்ணெயில் கரைத்த கற்பூரமோ சீத்தாப்பழ இலை விழுதோ ஆகும். குழியின் அடியில் சிவந்த, ஈரமான, சின்னச் சின்ன மணி மணியான சதை தெரிந்தால் புண் ஆறுகிறது என்று பொருள்.

கேள்வி: தெருநாய் கடித்து இரண்டு ஆடு காயம். ஒன்றுக்குத் தொடையில் பல் பதிந்த ஓட்டைதான். தையல் போட வேண்டுமா?

பதில்: கையுறை போட்டுக்கொண்டு, சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். வெறிநோய்க் கிருமியைக் குறைக்க இதற்கு ஈடான முதலுதவி இல்லை. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள். கடிபட்ட புண்ணை மூடித் தைக்கக் கூடாது. ஓட்டை சின்னதாகத் தெரிந்தாலும் நாய் உலுக்கியதில் தோலுக்கடியில் சதை கிழிந்திருக்கும். சீழ் வெளியேற வழி வேண்டும்.

அன்றே வெறிநோய்த் தடுப்பூசி தொடங்க வேண்டும்: 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்கள். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுவது பெரிய தவறு. கண் இமையின் உள்பக்கமும் ஈறும் வெளுத்து, காதும் காலும் சில்லிட்டிருந்தால் உள்ளே ரத்தம் போகிறது, காத்திருக்காமல் கொண்டுபோங்கள். பின்னாட்களில் ஆடு எச்சில் ஒழுக்கினாலோ குரல் மாறிக் கத்தினாலோ, தொண்டையில் என்ன சிக்கியது என்று வாய்க்குள் கைவிடாதீர்கள்.

கேள்வி: குட்டிக்கு முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. வீட்டில் கட்டலாமா?

பதில்: தோல் கிழியாமல், முழங்காலுக்குக் கீழேதான் முறிவு என்றால் கட்டலாம். காலை நேராகப் பிடித்து, பஞ்சை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த பிவிசி குழாயை இருபுறமும் வைத்துக் கட்டுங்கள். முறிவுக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் கட்டுக்குள் வர வேண்டும்; பாதியில் நிற்கும் கட்டு முறிந்த இடத்தை இன்னும் ஆட்டிவிடும். குழாயின் விளிம்பில் பஞ்சு மடித்து வையுங்கள். குளம்பின் நுனி மட்டும் வெளியே தெரியட்டும். அது வீங்கினாலோ சில்லிட்டாலோ உடனே அவிழ்த்துத் தளர்த்துங்கள். இறுக்கிக் கட்டிய கட்டு காலையே அழுகவைத்துவிடும். இளங்குட்டிக்கு மூன்று நான்கு வாரத்தில் எலும்பு கூடும். எலும்பு வெளியே தெரிந்தாலோ தொடை முறிந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம்.

கேள்வி: காயப்பட்ட மாட்டுக்கு வலி குறைய, மனிதர்களுக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசியைப் போடலாமா?

பதில்: கூடாது. கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்த 2006-இலேயே இந்தியாவில் தடை வந்துவிட்டது. அந்த ஊசி போட்ட மாடு இறந்து, உடலைத் தின்னும் பாறுக்கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போயின. அதே போன்ற வலி மருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் கால்நடைகளுக்கு 2023-இல் தடையாயின. நீலகிரி, சத்தியமங்கலம் காட்டோரத்தில் மாடு மேய்ப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் எஞ்சியிருக்கும் பாறுகள் பெரும்பாலும் வாழ்வது அந்தப் பக்கம்தான். கழுகுகளுக்குக் கேடில்லாத மெலாக்சிகாமை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நாட்டுக்கோழிக் குஞ்சு இரண்டுக்குப் பிறந்த மறுநாளே கால் இருபுறமும் விரிந்து தரையில் படுத்துவிட்டன.

பதில்: வழவழப்பான செய்தித்தாளின் மேல் விட்டிருப்பீர்கள். உமி இரண்டு அங்குலம் போட்டு, மேலே கசக்கிய தாளை விரியுங்கள். விரிந்த கால்களை, குஞ்சு இயல்பாக நிற்கும் இடைவெளி விட்டு, மெல்லிய ஒட்டுப்பட்டையால் இணைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் நிற்கும். அதுவரை தண்ணீர்த் தட்டுக்கு அருகில் நீங்களே கொண்டுபோய் விட வேண்டும். அடைகாப்புச் சூடு முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரி குறையுங்கள். குஞ்சுக்கு 2 வாட் வீதம் பல்பு. குஞ்சுகள் பல்புக்கடியில் குவிந்தால் சூடு போதவில்லை, சுவரோரம் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சிரைத்தால் சூடு அதிகம். பல்பை ஒரு சாண் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள்.