பழைய கணினிகளுக்கு ஆதரவை ஏன் நிறுத்துகிறார்கள்?

ஆதரவு என்பது, விற்று முடித்த பிறகும் ஒரு கணினிக்கு மென்பொருள் திருத்தங்களைத் தொடர்ந்து அனுப்புவது. புதுமையோடு அதையும் சேர்த்து இழுப்பது கடினம். ஒவ்வொரு புதிய வசதியையும் பழைய சிப்பிலும் ஓட வைத்துச் சோதிக்க வேண்டும். விண்டோஸைப் போலக் கணினியை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸ் 1991-ல் பிறந்ததே இன்டெல் 386 சிப்பில்தான். ஆனால் 2012 டிசம்பரில் அந்தச் சிப்புக்கான நிரலையே எடுத்துவிட்டார்கள். எதை மாற்றப் போனாலும் அது கூடுதல் வேலை வைத்தது.

கிருஷ்ணகிரியில் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். கிணற்றுத் தண்ணீர் ஒன்றுதான். பழைய மரத்துக்கும் பாய்ச்ச வேண்டும், புது ஒட்டுக்கன்றுக்கும் பாய்ச்ச வேண்டும். ஆனாலும் காய்க்கிற மரத்தை யாரும் அவசரப்பட்டு வெட்டுவதில்லை. விண்டோஸ் 11 எனக்கு உறுத்துவது அதனால்தான்: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கட்டாயமாகக் கேட்பதால், நன்றாக ஓடும் எத்தனையோ கணினிகள் வாசலிலேயே நிற்கின்றன. வீட்டில் அரசு தந்த பழைய இலவச மடிக்கணினி இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். குறைந்த நினைவகத்தில் ஓடும் லினக்ஸ் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், பிள்ளைகள் படிக்க உதவும்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததால் கணினியே நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; கணினி ஓடும், புதிதாகத் தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதுதான் நிற்கும்.