பம்ப்பில் தெரிந்த வரி

கேள்வி: சூழல் மாசைக் குறைக்கப் பணம் தரத் தயார் என்று கருத்துக்கணிப்பில் சொல்கிறார்கள். ஆனால் கனடாவில் கார்பன் வரியை எடுக்கும்வரை ஓயவில்லை. மக்களுக்கு மனசில்லை என்பதுதானே உண்மை?
– வாசகர், ஸ்கார்பரோ

பதில்: ‘தயார்’ என்று சொல்லக் காசா பணமா? கருத்துக்கணிப்பை விடுங்கள். கனடா விஷயத்தில் மக்கள் மேல் பழி போடுமுன், உங்கள் ஒன்டாரியோ கணக்கையே பாருங்கள்.

2024-ல் வரி, எரிபொருள் வெளியிடும் கரியமில வாயு டன்னுக்கு 80 டாலர். அதன்படி பெட்ரோல் லிட்டருக்கு 17.61 சென்ட், வீட்டைச் சூடாக்கும் எரிவாயு கனமீட்டருக்கு 15.25 சென்ட். ஆண்டுக்கு 3,000 லிட்டர் பெட்ரோலும் 2,200 கனமீட்டர் எரிவாயுவும் எரிக்கும் வீட்டுக்கு 864 டாலர். அதன் மேல் 13 சதவீத விற்பனை வரி (வரிக்கும் வரி! இந்த எரிச்சல் நியாயமானது) சேர்த்தால் 976. வசூலான வரியிலிருந்து நான்கு பேர் குடும்பத்துக்கு அரசு திருப்பித் தந்தது 1,120. கடைச் சாமான்களில் மறைமுகமாக ஏறிய விலை தனி. அதற்கும் இதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

ஆனால் போவது ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் கண்ணில் பட்டது, வருவது படவில்லை. முதல் சில ஆண்டுகள் அது வருமான வரிப் படிவத்துக்குள் கழிவாகக் கரைந்துபோனது. 2022 ஜூலையிலிருந்துதான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தனியாகக் கணக்கில் விழுந்தது. அப்போதும் பல வங்கிகள் எதற்கான பணம் என்று தெளிவாகப் போடவில்லை. மாநில அரசோ 2019-ல் பம்ப்புக்குப் பம்ப் ஸ்டிக்கர் ஒட்ட வைத்தது: இன்று 4.4 சென்ட், 2022-ல் 11 சென்ட் என்று. திரும்பி வரும் தொகை பற்றி அதில் ஒரு வரி கிடையாது. 2020-ல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அதற்குள் மனதில் ஒட்டிவிட்டது.

மிச்சத்தைக் கெடுத்தது அன்றைய பிரதமர் ட்ரூடோவின் அரசே. 2023 அக்டோபரில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் மூன்றாண்டு விலக்கு தந்தார்கள். அதை அதிகம் நம்பியிருப்பது அட்லாண்டிக் மாகாணங்கள். ‘எங்கள் எரிவாயு என்ன பாவம் செய்தது?’ என்று கேட்ட சஸ்காட்சுவான் மாகாணம், 2024 ஜனவரியிலிருந்து வீட்டு எரிவாயு மீதான வரி வசூலையே நிறுத்திவிட்டது. விலக்கு ஒன்று கொடுத்தபின் மற்றவர்களிடம் ‘நீங்கள் கட்டுங்கள்’ என்று எந்த முகத்தோடு சொல்வது?

2025 ஏப்ரல் 1-ல், ட்ரூடோவுக்கு அடுத்துப் பிரதமரான மார்க் கார்னி பூஜ்யமாக்கியது நுகர்வோர் வரியை மட்டும்தான். பெரிய ஆலைகள் மீதான கார்பன் விலை அப்படியே தொடர்ந்தது. அதற்கு எந்தப் பம்ப்பிலும் ஸ்டிக்கர் ஒட்டவில்லை.