ஃப்ரெட்ரைக் அட்டாக்சியா உள்ள மகள்: பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிக்க வைப்பது?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. பிளஸ் டூவில் கணிதம்–உயிரியல் பிரிவு. மூன்று வருடங்களுக்கு முன்பு நடை தள்ளாட ஆரம்பித்தது. மரபணுப் பரிசோதனையில் ஃப்ரெட்ரைக் அட்டாக்சியா (நடையும் சமநிலையும் படிப்படியாகக் கெடும் பரம்பரை நரம்பு நோய்) என்று வந்தது. கேட்டால் பதில் சொல்கிறாள், பரீட்சையில் பாதிதான் எழுதுகிறாள். “மூளையும் போய்விடும், இனி படிப்பு எதற்கு?” என்கிறார்கள் சொந்தக்காரர்கள். எந்தப் படிப்பில் சேர்ப்பது?

பதில்: அம்மா, மூளை போய்விடும் என்பது தவறு. ஆனால் மூளைக்கு இதில் ஒரு பங்கும் இல்லை என்று சொன்னால் அதுவும் தவறுதான். அந்தப் பங்கு எவ்வளவு என்று தெரிந்தால் படிப்பைத் தேர்ந்தெடுப்பது எளிது.

9-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் ‘ஜிஏஏ’ என்ற மூன்றெழுத்து டி.என்.ஏ. தொடர் நூற்றுக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வந்துவிடுவதால், ஃப்ரடாக்சின் என்ற புரதம் போதுமான அளவு உருவாவதில்லை. கால் எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்புகளும், சிறுமூளையின் ஆழத்தில் இருக்கும் டென்டேட் என்ற நரம்புத் திரளும் இதனால் சிதைகின்றன. சிறுமூளையின் செய்தி பெரும்பாலும் இந்த டென்டேட் வழியாகத்தான் வெளியே போகிறது. அங்கிருந்து கிளம்பும் நரம்புக் கற்றை, மூளையின் நடுவில் செய்திகளைக் கடத்திவிடும் தாலமஸைத் தொட்டு, கையை அசைக்கும் பகுதிக்குப் போகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும், திட்டமிடவும் கவனத்தை மாற்றவும் உதவும் பகுதிக்கும் போகிறது. இந்த நோயில் அந்தக் கற்றை மெலிவதையும், சிறுமூளைக்கும் முன்மூளைக்கும் இடையிலான தொடர்பு மாறுவதையும் எம்ஆர்ஐ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

படிப்பில் இது எப்படித் தெரியும்? பாடம் புரிவதும் புரிந்தது மனதில் தங்குவதும் பொதுவாகக் கெடுவதில்லை. வேகம் குறையும். குறித்த நேரத்துக்குள் சொற்களைத் தேடி எடுப்பது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று மாறுவது, நாலைந்து படிகளை ஒன்றாக மனதில் பிடித்திருப்பது, இவற்றில் தடுமாற்றம் வரலாம். எல்லோருக்கும் ஒரே அளவில் வராது.

ஆக, மகளுக்குத் தாமதம் கையிலா, நாக்கிலா, யோசனையிலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார வையுங்கள். படித்து முடித்த பாடத்திலிருந்து ஒரே மாதிரி கடினமான இரண்டு ஐந்து மதிப்பெண் கேள்விகள் எடுங்கள். ஒன்றை அவளே எழுதட்டும். மற்றதை வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். பிறகு, நான்கு விடைகளில் ஒன்றை விரலால் காட்டும்படி பத்து ஒரு மதிப்பெண் கேள்விகள். மூன்றுக்கும் நேரம் குறியுங்கள். எழுத 20 நிமிடம், சொல்ல 6 நிமிடம் என்றால் பிரச்சினை கையில். சொல்லவும் நேரமானால் உற்றுக் கேளுங்கள்: சொல் குழறி இழுத்தால் அது நாக்கு, தொடங்கும் முன்பே நீண்ட மௌனம் இருந்தால் யோசனை வேகம். விரலால் காட்டுவதற்கும் நேரமெடுத்தால் யோசனை வேகத்தைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். நிற்க வைத்துக் கேள்வி கேட்காதீர்கள். நமக்குத் தானாக நடக்கும் சமநிலை வேலையை அவள் கவனம் கொடுத்துச் செய்கிறாள், விடைக்கு மிச்சமிருக்கும் கவனம் குறைவு.

இது வீட்டு முயற்சி மட்டும்தான். அடுத்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடம் முறையான பரிசோதனை செய்யுங்கள். முன்கூட்டியே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: “நேரக் கணக்கு உள்ள சோதனைகளை வாய்மொழியாகவும் செய்வீர்களா?” குறியீட்டுக்கு எண் போடும் 90 விநாடிச் சோதனைக்கு எழுத்து வடிவமும் உண்டு, வாய்மொழி வடிவமும் உண்டு. எழுத்து வடிவம் மட்டும் கொடுத்தால் கையின் தாமதம் மூளையின் கணக்கில் ஏறிவிடும். ஐ.க்யூ. எண் ஒன்றை மட்டும் போட்டுத் தரும் அறிக்கையை ஏற்காதீர்கள். வேகம், கவனம், நினைவு, சொல் தேடல் என்று தனித்தனியாக வேண்டும்.

காதையும் விட்டுவிடாதீர்கள். இந்த நோயில் செவி நரம்பும் பாதிக்கப்படலாம். சாதாரணக் கேட்புச் சோதனையில் எல்லாம் சரியாகவே இருக்கலாம். ஆனால் மின்விசிறி ஓடும், அறுபது பேர் இருக்கும் வகுப்பில் சத்தம் கேட்கும், சொல் பிரியாது. ‘கவனமில்லை’ என்று ஆசிரியர் சொல்லும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையில் இதுதான் பிரச்சினை. ‘இரைச்சலில் பேச்சைப் புரிந்துகொள்ளும் சோதனை’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆசிரியர் சட்டையில் மைக்கும் மாணவி காதில் ரிசீவரும் இருந்தால் பெரிய வித்தியாசம் தெரியும்.

இனி காகித வேலை. கலந்தாய்வு தொடங்கும்போது ஓடினால் நேரம் போதாது, இப்போதே ஆரம்பியுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் இணையத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு முன்பு போக வேண்டும். அங்கே பலர் செய்யும் தவறு, நடையை மட்டும் காட்டிவிட்டு வருவது. கை நடுக்கம், பேச்சு, கேட்பு எல்லாவற்றுக்குமான அறிக்கைகளைக் கொண்டுபோங்கள். நோய் கூடிக்கொண்டே போகும் தன்மையுடையது என்பது சான்றிதழில் பதிவாக வேண்டும். குறைபாட்டின் அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடஒதுக்கீட்டில் வருவாள். தமிழகப் பொறியியல் கலந்தாய்விலும் அதே 5 சதவீதம் உண்டு.

40-க்குக் குறைவாகப் போட்டுவிட்டால் மனம் உடைய வேண்டாம். ரைட்டர்ஸ் கிராம்ப் என்ற கை இழுப்பு நோயுள்ள விகாஷ் குமார் யுபிஎஸ்சிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 40 சதவீதம் இல்லை என்பதற்காக எழுத்தரை (தேர்வில் மாணவர் சொல்லச் சொல்ல எழுதுபவரை) மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதன் பின் 2022-இல் மத்திய அரசு அதற்கென்றே தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. மத்திய அரசு விதிப்படி கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. பிளஸ் டூ பொதுத்தேர்வுக்குத் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கூடுதல் நேரம், எழுத்தர் இரண்டையும் கேளுங்கள். கை மட்டும் மெதுவாக இருப்பவளுக்கு எழுத்தர் கொடுத்தாலே பாதிச் சுமை இறங்கும். யோசனையும் மெதுவாக இருந்தால் எழுத்தர் இருந்தும் நேரம் வேண்டும். சொல்லி எழுத வைப்பது தனிப் பயிற்சி. ‘மூன்றாவது வரியில் கமா, பிறகு அடைப்புக்குறி’ என்று கணக்கைச் சொல்ல இப்போதிருந்தே வாரம் இரண்டு மாதிரித் தேர்வு வையுங்கள்.

இப்போது படிப்பு. நோய் தொடங்கியதிலிருந்து சராசரியாகப் பத்துப் பதினைந்து வருடங்களில் சக்கர நாற்காலி தேவைப்படலாம். கேட்கக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். ஆனாலும் இன்றைய நடையை வைத்து முடிவெடுத்தால், மூன்றாம் வருடம் இரண்டாவது மாடி ஆய்வகத்துக்கு ஏற முடியாமல் படிப்பு நின்றுவிடும். பிப்பெட், டைட்ரேஷன், பட்டறை, அறுவை என்று கையின் நுணுக்கத்தை நம்பும் படிப்புகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். செவிலியர், மெக்கானிக்கல், வேதியியல் எல்லாம் அதில் வரும். புள்ளியியல், பொருளாதாரம், பி.காம், கணினி அறிவியல், தரவு அறிவியல் ஆகியவை பொருந்தும். இவற்றில் வேலையை மேஜையில் உட்கார்ந்து செய்யலாம், யோசிக்கும் நேரத்தையும் பெரும்பாலும் நாமே வகுத்துக்கொள்ளலாம். அதே கணினித் துறையிலும் அழைப்பு மையம், விநாடிக் கணக்கில் பதில் சொல்ல வேண்டிய நேரடி உதவிப் பணி போன்றவை பொருந்தாது. சட்டம் பிடித்தால் படிக்கட்டும். நீதிமன்ற வாதத்தைவிட ஆவணம் தயாரிக்கும் பக்கம் போவது நல்லது.

கல்லூரிக்குத் தினமும் போய்வருவதே பெரும்பாடு என்றால், ஐஐடி மெட்ராஸின் தரவு அறிவியல் பி.எஸ். படிப்பைப் பாருங்கள். பாடம் வீட்டிலிருந்து, தேர்வு மட்டும் மையத்துக்குப் போய். இடையில் டிப்ளமோவுடன் வெளியேறவும் வழி இருக்கிறது.

பேச்சைத் தட்டச்சாக மாற்றும் செயலியை நம்பித் திட்டம் போடாதீர்கள். குழறும் பேச்சை அது தப்புத் தப்பாக எழுதும், போகப் போகக் கூடுதலாகத் தவறும். விசைகளுக்கு மேல் துளைத் தட்டு பொருத்திய கீபோர்டு, டிராக்பால் (பந்தை உருட்டி இயக்கும் மவுஸ்), சொல்லை முன்கூட்டி ஊகிக்கும் வசதி, இவற்றை இப்போதே பழக்குங்கள். கண் அதிர்வால் வரி தவறினால் வரிக்குக் கீழே ஒரு ஸ்கேல், இரட்டை இடைவெளி அச்சு.

விடுதியில் சேர்ப்பதற்கு முன் எக்கோ, இசிஜி, ரத்தச் சர்க்கரை மூன்றும் பாருங்கள். இந்த நோயில் இதயத் தசை தடிக்கலாம், சர்க்கரை நோயும் வரலாம். எல்லாம் சரியாக இருந்தாலும் வருடா வருடம் திரும்பப் பார்க்க வேண்டும். மதியத்துக்கு மேல் களைத்துப் போகிறாள் என்றால் சோம்பல் என்று நினைக்காதீர்கள்; கடினமான பாடத்தைக் காலைக்கு மாற்றுங்கள்.

உறவில் கல்யாணம் செய்ததால்தான் இப்படி என்று யாராவது உங்களைக் குத்திப் பேசினால் காதில் வாங்காதீர்கள். அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் குறை இருந்தால்தான் நோய் வரும்; குறை உள்ள ஒரு பிரதியை மட்டும் சுமப்பவருக்கு எந்த அறிகுறியும் இருக்காது, உங்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. கூடப்பிறந்த தம்பி தங்கை இருந்து, நோய்க்கான அறிகுறி ஏதும் இல்லையென்றால், மரபணு ஆலோசகரிடம் பேசாமல் அவசரப்பட்டு ரத்தம் எடுக்க வேண்டாம். அந்தப் பரிசோதனை வேண்டுமா என்பதை அவர்களே 18 வயதுக்குப் பிறகு முடிவு செய்யட்டும்.