காங் யாட்சே ஏறுபவருக்கு: ஜாக்கெட்டை விட முக்கியமானவை எவை?

கேள்வி: ஆகஸ்டில் லடாக்கின் காங் யாட்சே 2 சிகரம் ஏறத் திட்டமிட்டிருக்கிறேன். இதற்கு முன் குளிர்காலத்தில் உத்தராகண்டின் கேதார்காந்தா மட்டும் ஏறியிருக்கிறேன். தடித்த டவுன் ஜாக்கெட்டும் (வாத்தின் மென்தூவி அடைத்தது), ‘-10’ என்று அச்சிட்ட ஸ்லீப்பிங் பேக்கும் என்னிடம் உள்ளன. இவை போதுமா? எதை வாங்குவது, எதை லேயில் வாடகைக்கு எடுப்பது?

பதில்: ஜாக்கெட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். பையில் அச்சிட்டிருக்கும் அந்த ‘-10’ எதைக் குறிக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்லீப்பிங் பேக்குகளைச் சோதிப்பதற்கு ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. அதன்படி சோதிக்கப்பட்ட பையின் உட்புறத் துணிப்பட்டையில் ஒன்றுக்கு மேற்பட்ட வெப்பநிலைகள் இருக்கும். ‘கம்ஃபர்ட்’ என்பது சராசரிப் பெண் ஒருவர் உடலைத் தளர்த்திப் படுத்து நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. ‘லிமிட்’ என்பது சராசரி ஆண் ஒருவர் உடலைச் சுருட்டிக்கொண்டு இரவைக் கழிக்கக்கூடிய வெப்பநிலை. ‘எக்ஸ்ட்ரீம்’ என்பதோ உயிர் தப்புவதற்கான கணக்கு. அதற்கும் தூக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. விற்பவர்கள் இவற்றில் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும் எண்ணைத்தான் பெரிதாக அச்சிடுவார்கள். உங்கள் ‘-10’ எக்ஸ்ட்ரீம் எண்ணாக இருந்தால், பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரிலேயே நீங்கள் விழித்துக்கொண்டு கிடக்க நேரிடும். காங் யாட்சேயின் அடிவார முகாம் ஏறத்தாழ 5,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகஸ்டிலும் அங்கே இரவில் தண்ணீர் உறையும். கம்ஃபர்ட் எண்ணே மைனஸ் 10 டிகிரியாக உள்ள பையைத்தான் நான் பரிந்துரைப்பேன். அத்தகைய பை விலை அதிகம் என்பதாலும், ஒரே பயணத்துக்காக வாங்குவது வீண் என்பதாலும், அதை வாடகைக்கு எடுப்பதே நல்லது.

ஆனால் எவ்வளவு நல்ல பையானாலும் உங்கள் முதுகுக்குக் கீழே அது உதவாது. வாத்தின் மென்தூவி வெப்பத்தைக் காப்பது தன் இழைகளுக்கிடையே அசையாத காற்றைப் பிடித்து வைப்பதால். உடல் எடையில் நசுங்கிய இடத்தில் அந்தக் காற்று இருக்காது. தரைக்குளிரைத் தடுப்பது விரிப்பு மட்டுமே. விரிப்பின் தடுப்புத் திறனை ‘ஆர்’ மதிப்பால் அளக்கிறார்கள். சாதாரண ஃபோம் விரிப்புக்கு அது ஏறத்தாழ 2. காற்றடைக்கும் நல்ல மலை விரிப்புக்கு 4 அல்லது அதற்கு மேல். ஒன்றன் மேல் ஒன்றாக விரித்தால் இரண்டின் மதிப்பும் கூடும். எனவே ஃபோமைக் கீழேயும் காற்று விரிப்பை மேலேயும் போட்டுப் படுங்கள். கல்லில் பட்டு மேல்விரிப்பு ஓட்டையானாலும் ஃபோம் மிச்சமிருக்கும். நீங்கள் பணம் கொடுத்து வாங்க வேண்டியது இந்தக் காற்று விரிப்பைத்தான்.

முகாமை அடைந்ததும் பையை உறையிலிருந்து உருவி உதறி, அது உப்புவதற்கு ஒரு மணி நேரமாவது விடுங்கள். படுக்கும்போது வாயையும் மூக்கையும் பைக்குள் புதைக்காதீர்கள். மூச்சின் ஈரம் தூவிக்குள் இறங்கி அதைக் கட்டியாக்கிவிடும். அதே காரணத்தால் நனைந்த துணியைப் பைக்குள் வைத்து உலர்த்தவும் கூடாது. வெந்நீர் நிரப்பி இறுக மூடிய பாட்டில், கைப்பேசி, தலைவிளக்கின் பேட்டரி, பூட்ஸின் உள்ளுறை ஆகியவற்றுக்கு மட்டும் உள்ளே இடம் கொடுங்கள்.

உடையைப் பொறுத்தவரை, குளிரை விட வியர்வைதான் பெரிய எதிரி. தண்ணீர் அசையாத காற்றை விட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். பருத்தி பனியன் வியர்வையை உறிஞ்சி உடலோடு ஒட்டிக்கொள்ளும். ஏறும்போது அது தெரியாது, கயிறு மாட்டுவதற்காகப் பத்து நிமிடம் நின்றதும் பல் கிட்டத் தொடங்கும். ஆகவே உள்ளாடை முதல் காலுறை வரை பருத்தி கூடாது. உடலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர், அதன் மேல் மெல்லிய ஃப்ளீஸ் (பஞ்சுபோன்ற செயற்கைத் துணி) மேலாடை, வெளியே காற்றும் பனியும் புகாத ஷெல் ஜாக்கெட் என்று அணியுங்கள். டவுன் ஜாக்கெட் நிற்கும்போது போட்டுக்கொள்வதற்குரியது. எல்லாவற்றுக்கும் மேலே மாட்டும்படி அது தொளதொளப்பாக, தலைமூடியோடு இருக்க வேண்டும். முகாமிலிருந்து புறப்படும்போது சற்றுக் குளிர்வது போல இருந்தால் சரியாக அணிந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

சிகரத்துக்கு நள்ளிரவு வாக்கில் கிளம்புவது வழக்கம். முகாமிலிருந்து 6,250 மீட்டர் உயரமுள்ள சிகரம் வரை ஏறும்போது வெப்பநிலை சுமார் 7 டிகிரி குறையும். விடியலுக்கு முன் காற்றும் சேர்ந்துகொள்ளும். மைனஸ் 15 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 26 போல உறைக்கும். முதலில் அடிபடுபவை விரல்கள். மெல்லிய உள்கையுறையை அணிந்து, அதன் மேல் விரல் பிரியாத மிட்டன் ஒன்றைப் போட்டு, மிட்டனைக் கயிற்றால் மணிக்கட்டோடு கட்டிவிடுங்கள். பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்பு முட்சட்டமான கிராம்பானின் வாரை இறுக்கும்போது கழற்றிய மிட்டன் சரிவில் உருண்டு போய்விட்டால் அத்தோடு ஏற்றம் முடிந்தது.

கேதார்காந்தாவுக்குப் போட்ட பூட்ஸ் இங்கே போதாது. உள்ளுறையைத் தனியே கழற்றக்கூடிய இரட்டை பூட்ஸை லேயில் வாடகைக்கு எடுங்கள். குளிருமே என்று இரண்டு தடித்த காலுறைகளைத் திணித்தால் இரத்த ஓட்டம் தடைபட்டு விரல்கள் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். மெல்லியது ஒன்றும் தடித்த கம்பளி ஒன்றும் போதும். பனியின் கூச்சத்துக்கு நான்காம் வகைக் குளிர்கண்ணாடி (மிக அடர்ந்த நிறமுள்ளது) அவசியம்.

உயரத்துக்கு உடல் பழகுவதற்காக லேயில் எப்படியும் இரண்டு மூன்று நாள் தங்குவீர்கள். நடந்து நடந்து கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், மலையில் போடப்போகும் காலுறைகளுடனேயே கடைக்குப் போங்கள். பூட்ஸை மாட்டி, இறக்கத்தில் நிற்பது போலக் காலை முன்னோக்கி அழுத்திப் பாருங்கள். விரல் நுனி இடித்தால் ஒரு அளவு பெரியது கேளுங்கள். கிராம்பானை அதே பூட்ஸில் பொருத்திப் பார்க்காமல் வாடகைக்கு எடுக்காதீர்கள். ஸ்லீப்பிங் பேக்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, தூவி விலகி வெறும் துணியாகத் தெரியும் இடங்கள் உள்ளனவா என்றும், ஜிப் சிக்காமல் ஓடுகிறதா என்றும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.